கிடார் வகுப்புகள் மறந்த கை

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருக் கடைசி வீட்டு டீச்சர் கிடார் பையோடு வாசலில் வந்து நின்றார். அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு.

"சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இதை வித்துக் குடுங்க. வந்த விலைக்குத் தள்ளிடலாம்" என்றார்.

வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. சின்ன வயதில் கேட்டதற்கு அவருடைய அப்பா முடியாது என்றுவிட்டார். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, மாமியாருக்கு மருந்து. எல்லாம் ஓய்ந்த பிறகு பென்ஷன் பணத்தில் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. வாங்கிய அன்றே என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனவர்.

"ஏன் டீச்சர்?"

"கிளாஸ்ல சொல்லிட்டாங்க சார். இந்த வயசுல விரல் வளையாதாம். கீபோர்டு கத்துக்கங்க மேடம்னு சொல்றாங்க. இங்க வேற வலி உசிர் போகுது" என்று வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

கொஞ்சம் கவனியுங்கள். வளையாது என்று அவர்கள் சொன்னது இடது கை விரலை. வலி இருப்பது வலது மணிக்கட்டில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஐந்து மாத வகுப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வகுப்பின் குறை என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கவும் மாட்டேன்.

"விக்கிறது இருக்கட்டும். ஒரு தடவை வாசிங்க, பாக்கிறேன்" என்றேன்.

வாசித்தார். நான் இடது கையைப் பார்க்கவே இல்லை. வலது தோள் காதைத் தொடுகிற மாதிரி தூக்கியிருந்தது. முன்கையின் முழு பாரமும் கிடாரின் மேல் விளிம்பில். அந்த விளிம்பிலிருந்து மணிக்கட்டு கொக்கி மாதிரி உள்ளே மடங்கியிருந்தது. பிக்கைப் பிடித்த கட்டைவிரல் நகம் ரத்தமில்லாமல் வெள்ளையாக இருந்தது. ஒவ்வொரு கம்பியையும் விறகு பிளக்கிற மாதிரி அடித்தார். ஐந்து மாதம் இப்படி வாசித்தால் அறுபத்தாறு வயதுக் கைக்கு மட்டுமா, பதினாறு வயதுக் கைக்கும் வலிக்கும்.

நான் சொல்ல வந்தது இதுதான். கிடாரில் சத்தம் பிறப்பது வலது கையில். (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) எந்த சுரம் என்பதை இடது கை தீர்மானிக்கிறது. அது எப்போது வரும், எவ்வளவு பெரிதாக வரும், இனிமையாக வருமா கரகரவென்று வருமா என்பதை எல்லாம் தீர்மானிப்பது வலது கை. அப்படிப்பட்ட கையை யாருமே சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, வராதவர்களைப் பார்த்து "உங்களுக்கு வயசாகிவிட்டது" என்கிறார்கள். இது கற்றுக்கொடுக்கிறவர்களின் சோம்பல். அந்தப் பழியைக் கற்க வந்தவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதி என்று கேட்கலாம். நான் வித்வான் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவன். 1974-ல் பயிற்சியாளாகச் சேர்ந்தபோது காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர் இருந்தார். நாங்கள் அங்கிள் என்போம். சாயந்திரம் வராந்தாவில் உட்கார்ந்து கிடார் வாசிப்பார். வாசலில் நின்று நின்று ஒருநாள் கேட்டேவிட்டேன், சொல்லித் தருவீர்களா என்று.

ஒரு மாதம் இடது கையைக் கம்பியில் வைக்கவே விடவில்லை. ஆறு கம்பிகளையும் வெறுமனே மீட்டச் சொன்னார். கீழே, மேலே, கீழே, மேலே. எனக்கு அழுகையே வந்தது. சினிமாப் பாட்டு வாசிக்க வந்தவனுக்கு இது என்ன தண்டனை? கேட்டதற்கு அவர் சொன்னார்: "லெஃப்ட் ஹேண்ட் நாளைக்கு வரும் மேன். ரைட் ஹேண்ட் இன்னிக்கு கெட்டுப்போச்சுன்னா ஆயுசுக்கும் கெட்டுது."

அதே மாதத்தில் பணிமனையிலும் எனக்கு இதே பாடம் நடந்தது. வைஸில் ஓர் இரும்புக் கட்டியை மாட்டி அரத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதைச் சமதளமாகத் தேய்க்க வேண்டும். புதியவன் பலத்தை எல்லாம் போட்டு அழுத்துவான். தேய்க்கத் தேய்க்க ஓரங்கள் இறங்கி, நடுவில் தொப்பை விழும். இன்ஸ்ட்ரக்டர் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "அரம் வெட்டட்டும், நீ வெட்டாதே" என்பார். முன்னால் தள்ளும்போது மட்டும் அளவாக அழுத்தம், திரும்பி வரும்போது அழுத்தமே கூடாது. அதைக் கை உணர்ந்துகொள்ள எனக்கு வாரக்கணக்கில் ஆனது. அந்த வாரங்களை யாரும் வீண் என்று சொல்லவில்லை. கிடாரில் மட்டும் ஏன் முதல் நாளே பாட்டு வர வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால் நம் மொழிக்கு இது தெரியும். வீணையை நாம் "மீட்டுகிறோம்" என்கிறோம். வலது கை செய்கிற வேலையை வைத்துத்தான் அந்தச் சொல்லே. வீணை கற்கப் போன பிள்ளையிடம் ஆசிரியர் "மீட்டு சரியில்லை" என்று அதட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். பாட்டின் எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே மீட்டு விழ வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ராகத்தைப் பார்த்துக்கொள்ள, சுண்டுவிரல் பக்கத்துக் கம்பிகளில் தாளம் போட வேண்டும். இதற்கென்று தனியாக மாதங்கள் ஒதுக்கிய மண் இது. அதே மண்ணில் கிடாரைத் தூக்கினால் மட்டும் முதல் கேள்வி "எத்தனை கார்ட் பிடிப்பாய்?" என்பது. பிடிப்பதைக் கேட்கிறோம், மீட்டுவதைக் கேட்பதில்லை.

மேல்நாட்டிலும் இது தெரியாத விஷயம் இல்லை. வியன்னாவில் வாழ்ந்த இத்தாலியர் மௌரோ ஜூலியானி 1812-ல் தன் முதல் எண் படைப்பாக ஒரு பயிற்சி நூல் வெளியிட்டார். அதன் முதல் பகுதியில் வலது கைக்கு மட்டும் 120 பயிற்சிகள். இடது கைக்கு இரண்டே கார்ட்கள்தான், சி மேஜரும் ஜி செவன்த்தும். இடது கை அதையே மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்க, வலது கை 120 விதமாக வேலை செய்ய வேண்டும். இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட்டார். ஆனாலும் இன்றைக்கு இரண்டு கார்ட் வந்தவுடன் "அடுத்த கார்ட் போகலாம்" என்கிறார்கள்.

இன்னொருவரைச் சொல்கிறேன். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி வீட்டில் தீப்பிடித்தது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் கருகிச் சுருங்கி, ஏறக்குறைய உதவாமல் போயின. மற்ற இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு தனி வாசிப்பை எல்லாம் வாசித்தார். 1934-ல் பாரிஸில் தொடங்கிய ஹாட் கிளப் குழுவின் மூலம் உலகமே திரும்பிப் பார்க்கிற கிடார் கலைஞர் ஆனார். பாதி இடது கையோடு ஒரு மனிதர் அந்த உயரத்துக்குப் போனார் என்றால் மீதியைச் சுமந்தது எது? முழுசாக இருந்த வலது கை. டீச்சருக்கு இடது கையில் ஐந்து விரலும் இருக்கிறது. அவரைப் பார்த்து விரல் வளையாது என்கிறார்கள்.

சரி, வலது கையில் அப்படி என்னதான் கற்க இருக்கிறது? நான் டீச்சரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பிக். ஆள்காட்டி விரலை லேசாக மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலின் சதைப்பகுதியை வையுங்கள். முனை மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். கீழே விழாத அளவுக்குப் பிடி, பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் வந்துவிடுகிற அளவுக்குத் தளர்ச்சி. ஆரம்பத்துக்கு 0.7 மில்லிமீட்டர் தடிமன் போதும். ரொம்ப மெல்லியது தொளதொளவென்று வளையும். தடியானது, இறுக்கிப் பிடிக்கிறவரின் கையில் கடப்பாரை ஆகிவிடும். கம்பியோடு பிக் தட்டையாக மோதக் கூடாது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சின்னச் சாய்வில் பாதி முயற்சி மிச்சம்.

அடுத்தது மணிக்கட்டு. மணிக்கட்டின் உள்ளே ஒரு குறுகலான வழி. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. நான் ஃபிட்டர், எனக்கு இப்படித்தான் புரியும்: ஒரு குழாயைக் கூர்மையாக வளைத்துவிட்டு அதற்குள் பத்து வயர்களை இழுத்தால் என்ன ஆகும்? உரசும், சூடேறும், தேயும். மணிக்கட்டை நேராக வைத்தால் எல்லாம் நேராக ஓடும். முன்கை கிடார் மேல் சும்மா இளைப்பாற வேண்டும், சாய்ந்து படுக்கக் கூடாது. தோளைக் கீழே விடுங்கள். பல்லைக் கடிக்கிறீர்களா என்று பாருங்கள். கடிப்பீர்கள். டீச்சரும் கடித்துக்கொண்டுதான் வாசித்தார்.

மூன்றாவது, அசைவின் அளவு. கம்பியைத் தாண்டி அரை அங்குலம் போய்விட்டுத் திரும்பி வருவது வீண் பயணம். அடுத்த கம்பி வரை போனால் போதும். கீழே ஒன்று, மேலே ஒன்று. பாட்டுக்குத் தாளம் போடும்போது கை நிற்கவே கூடாது. கம்பியைத் தொடாத இடத்திலும் கை காற்றில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரப் பெண்டுலம் மணி அடிக்கும்போது மட்டுமா ஆடுகிறது? தாளம் தப்புகிறது என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காதில் கோளாறு இல்லை. அவர்கள் கை இடையிடையே நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

நான்காவது, இடம். ஒரே கம்பியை ஒலித்துளைக்கு மேலே மீட்டிப் பாருங்கள், பிறகு கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் மீட்டிப் பாருங்கள். முதலாவது உருண்டையாக, கனிவாக வரும். இரண்டாவது தகரத்தில் தட்டுவது போல் கூர்மையாக வரும். கம்பியை எங்கே இழுத்து விடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் அதில் எந்த எந்த மேல்சுரங்கள் கிளம்பும் என்பது. "என் கிடார் சத்தம் நல்லா இல்லை, இருபதாயிரத்துக்கு வேறு வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: முதலில் கையை இரண்டு அங்குலம் நகர்த்திப் பாருங்கள். செலவில்லை.

இனி எதிர்த்தரப்பு. அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கவில்லை.

"முதல் மாதமே பாட்டு வரவில்லை என்றால் பிள்ளைகள் ஓடிவிடும், வகுப்பை மூட வேண்டியதுதான்" என்கிறார்கள். வாடகை கட்டுகிறவர்களின் கஷ்டம் புரிகிறது. அங்கிள் மாதிரி ஒரு மாதம் வெறுங்கம்பியில் உட்கார வையுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டே கார்டில் ஓடுகிற பாட்டு எத்தனையோ இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, வலது கைத் தாளத்தை ஒரு மாதம் செம்மையாக்கலாமே? பாட்டும் வரும், கையும் வரும். இதைச் செய்ய வேண்டுமென்றால் ஆசிரியர் மாணவனின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு அல்ல. கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

"பெரிய கலைஞர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிக்கிறார்கள், சரியான முறை என்று ஒன்று ஏது?" என்பது அடுத்தது. உண்மைதான். அமெரிக்க ஜாஸ் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி பிக்கே இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தார். ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ கலைஞர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி நடக்கவிட்டு மின்னலாக வாசிப்பார்கள். நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பிக்கைக் கொண்டு கர்நாடக சங்கீதத்தையே வாசித்துக் காட்டினார். வடிவம் வேறுதான். ஆனால் இவர்களில் யாருடைய வாசிப்பை வேண்டுமானாலும் திரையில் பாருங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பாருங்கள். தேவைக்கு மேல் ஓர் அசைவு இருக்காது. இறுக்கம் இருக்காது. "அவரவர் பாணி" என்ற வார்த்தையை மாணவனின் தப்பைத் திருத்தாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகப் பயன்படுத்தக் கூடாது. பாணி என்பது கற்றபின் வருவது.

எனக்கு மிகவும் கோபம் வருவது மூன்றாவது உபதேசத்தில்தான். "வலிக்கும்தான். வலியைத் தாண்டி வாசித்தால்தான் வேகம் வரும்." இடது கை விரல் நுனியில் கம்பி உறுத்துவது வேறு, அது சில வாரத்தில் தோல் காய்த்துச் சரியாகிவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வரும் வலி அப்படி இல்லை. அது எச்சரிக்கை. பணிமனையில் ஒரு பேரிங் சத்தம் போட்டால் மெஷினை நிறுத்துவோம். இன்னும் வேகமாக ஓட்டினால் சத்தம் போய்விடும் என்று ஒரு மேஸ்திரி சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிடாரில் மட்டும் அவரை குரு என்கிறோம். மெட்ரோனோமில் இன்றைக்கு 100, நாளைக்கு 110, பத்தே நாளில் 160 என்று வேகப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற வீடியோக்களை நம்பி நானும் ஓய்வு பெற்ற புதிதில் கையைக் கெடுத்துக்கொண்டேன். ஆறு மாதம் டம்ளர் தூக்கவே கஷ்டப்பட்டேன். வேகம் என்பது சுத்தமாக, தளர்வாக வாசிப்பதன் பலன். அதை நேராகத் துரத்தினால் இறுக்கம்தான் வளரும்.

வயது ஒன்றுமே செய்யாது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு எழுபது. காலையில் விரல்கள் விறைப்பாக இருக்கும், இருபது வயதில் இருந்த வேகம் வராது. மூட்டு வீக்கமோ மரத்துப்போவதோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், கிடார் காத்திருக்கும். ஆனால் வயதானவர்களிடம் ஒரு சொத்து இருக்கிறது, பொறுமை. ஒரே அசைவை நூறு தடவை சலிக்காமல் செய்வது நமக்குப் புதிதா? அறுபது வயதில் சேருகிறவர் மேடை ஏற வருவதில்லை. ஒரு பாட்டை, தன் வீட்டுக் கூடத்தில், காதுக்கு இதமாக வாசிக்க வருகிறார். அதற்கு வேண்டியது நல்ல வலது கை. அதை எந்த வயதிலும் பழக்கலாம்.

டீச்சருக்கு நான் போட்ட கணக்கு இது. முதல் இரண்டு வாரம் வலி அடங்கும் வரை ஓய்வு. அதன்பின் இடது கைக்கு லீவு. மெட்ரோனோம் 60-ல், வெறுங்கம்பியில் கீழே மேலே. ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், அதுவும் ஐந்தாவது நிமிஷத்தில் கையைத் தொங்கவிட்டு உதறிவிட்டுத் தொடர வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் கைபேசியில் வலது கையை மட்டும் படம் பிடித்து, அவரே பார்த்துத் தப்பைக் குறிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவர் இல்லையா, தன் கைக்கே சிவப்பு மை போட்டார்.

பிறகு இடது கையைச் சேர்த்தபோது ஒரு விஷயம் நடந்தது. ஐந்து மாதமாக வளையாத விரல் வளைந்தது. மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கை இறுகினால் மற்ற கையும் தானாக இறுகும். தண்ணீர்க் குடத்தை ஒரு கையால் தூக்கும்போது மற்ற கையைப் பாருங்கள், அதுவும் முஷ்டி மடக்கியிருக்கும். வலது கை தளர்ந்ததும் இடது கையும் தளர்ந்தது. எஃப் கார்ட் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, அது இல்லாத பாட்டுகள் ஆயுளுக்கும் போதும்.

வீட்டில் பேரனோ பேத்தியோ கிடார் கற்கிறார்களா? இன்று சாயந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை மட்டும் பாருங்கள். சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தோள் தூக்கியிருக்கிறதா, மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, நகம் வெளுத்திருக்கிறதா, கை நடுவில் நிற்கிறதா? நான்கில் ஒன்று இருந்தாலும் அடுத்த முறை ஃபீஸ் கட்டப் போகும்போது ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வலது கைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?" பதில் வந்தால் நல்ல ஆசிரியர், விட்டுவிடாதீர்கள். முழித்தால் வேறு இடம் பாருங்கள்.

நேற்று டீச்சரிடம், "கிடாருக்கு ஒருத்தர் விலை கேட்டார், என்ன சொல்லட்டும்?" என்று சும்மா சீண்டினேன்.

"அவருக்கு கீபோர்டு வாங்கிக்கச் சொல்லுங்க சார்" என்றார்.